காதுகுத்துக்கு ஒரு மடி

பாகான் டாலாம்,
9.2.2025

வாசுவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

அம்மா இருந்த காலத்தில் உன்னை "வாசுக்கா" என்று கூப்பிட்டேன். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெறும் பெயரை எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதே. வாசுகியைச் சுருக்கி வீட்டில் எப்போதும் வாசு என்றுதானே சொன்னோம். அந்த மட்டில் எனக்கு வேலை மிச்சம்.

தீபாவளிக்கு நீ போன் செய்தபோது ஓர் ஆண் குரல் "குமுதா" என்றது. அந்தக் குரலோடு பேச எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் உன் கையெழுத்து மாறியிருக்காது, அது எனக்குத் தெரிந்த ஆள் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம். தபால் நிலையத்தில் ஸ்டாம்பு கேட்டால் அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். லோஷினி. ஏழு மாதம் ஆகிறது. கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைக்கிறாள். என் வீட்டுக்காரர் கோகுலனிடம் உன்னைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். மாமியாரிடம் மட்டும், ஓர் அக்கா இருக்கிறாள், மெல்போர்னில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறோம். கல்யாணத்துக்கு நீ வராததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஃபெரிப் படகுதான் ஓடுகிறது. நான் உன்னைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டேன்.

ஆணாக மாறிய பிறகு உன்னை ஆட்கள் எப்படி நடத்துகிறார்கள்? ஒளிக்காமல் எழுது. எனக்கு அதுதான் கவலை.

அன்புடன்,
குமுதா


கெலுகோர்,
16.2.2025

என் செல்லத் தங்கை குமுதாவுக்கு,

மெல்போர்னில் குளிர் கொஞ்சம் அதிகம், மற்றபடி நான் சுகம். மாப்பிள்ளை, உன் மாமியார், என் லோஷினிக் குட்டி எல்லோரும் நலமா? பிள்ளைக்குத் தடுப்பூசி ஒழுங்காகப் போடுகிறீர்களா?

எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டாய். ராஜா மாதிரி நடத்துகிறார்கள். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேலை அதேதான், குளிர்சாதன வேலை, ஏர்கோன் கழுவுவதும் ரிப்பேர் பார்ப்பதும். முன்பு நான் ஏணி மேல் நின்று கழற்றிக்கொண்டிருப்பேன், வீட்டுக்காரர் கீழே நின்று இக்மலிடம் "என்ன கோளாறு?" என்று கேட்பார். இக்மல் வேன் ஓட்ட வந்தவன், பாவம் முழிப்பான். இப்போது எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள். ஏர்கோன் மட்டுமா, கூரை ஒழுகுவதையும் கேட்கிறார்கள். எனக்குக் கூரையைப் பற்றி என்ன தெரியும்? அண்ணாந்து பார்த்து "ம்ம்" என்கிறேன். அவர்களுக்குத் திருப்தியாகிவிடுகிறது.

சூலியா தெருவில் அஜீஸ் பாய் கடை ஞாபகம் இருக்கிறதா? முன்பெல்லாம் கேட்காமலே அரைச் சோறு போடுவார். இப்போது கேட்காமலே தட்டு நிறையப் போட்டு, குழம்பை வழிய விட்டு, "சாப்புடுங்க தம்பி, வேல செய்ற ஆளு லா" என்கிறார். அன்றைக்கும் இதே வேலையைத்தான் செய்தேன். பசியும் இதே பசிதான்.

எல்லாம் வரவு என்று நினைக்காதே. கிளினிக்கில் அடையாள அட்டையில் இருக்கும் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் எழுந்து போகும் வரை எல்லாக் கண்ணும் என் முதுகில் இருக்கும். பக்கத்து வீட்டு ரொஸ்னா முன்பு தலையில் துணியில்லாமல் என் வாசலில் உட்கார்ந்து குடும்பக் கதை முழுக்கச் சொல்வாள். இப்போது என்னைக் கண்டதும் உள்ளே ஓடி, துடோங் போட்டுக்கொண்டு வந்துதான் பேசுகிறாள். முதல் தடவை அப்படிச் செய்தபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என்னை ஆணாக மதித்துச் செய்கிற மரியாதை அல்லவா. ஆனால் அதற்குப் பிறகு அவள் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. முன்பு எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் உட்கார்வதற்குள் யாராவது பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டு, "பாத்துக்கடி, சாப்ட்டு வந்துர்றேன்" என்று போய்விடுவார்கள். எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று உனக்குத் தெரியும். இப்போது முன்வரிசையில் நாற்காலி, கையில் கூல்டிரிங்க்ஸ், பக்கத்தில் ஒருவர் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளையை யாரும் தருவதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் குழந்தை ஒன்று என்னை நோக்கித் தவழ்ந்து வந்தது. கையை நீட்டினேன். அதன் தாய் ஓடி வந்து தூக்கிக்கொண்டு "சாரி அங்கிள்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிள்ளையின் படம் ஒன்று அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
வாசு


பாகான் டாலாம்,
12.3.2025

வாசுவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆசை. பதில் தாமதமாகிவிட்டது. லோஷினிக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு. இப்போது இருவரும் தேறிவிட்டோம்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எழுத்து அப்படியே இருக்கிறது, "ழ" போடும்போது வாலை இழுக்கிறாயே அதுகூட. படம் வைத்திருக்கிறேன். பிள்ளையின் காதைப் பார். மேல்நுனி உள்ளே மடங்கி, அம்மாவுக்கு இருந்த அதே காது.

காது என்றதும் சொல்கிறேன். பதினோராம் மாதத்தில், ஜூனில், காது குத்துவதாக அத்தை முடிவு செய்திருக்கிறார்கள். இங்கே கோயில் மண்டபத்தில்தான். தினமும் தேங்காயெண்ணெய் தடவி இரண்டு காதையும் நீவி விடுகிறார்கள், எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று இப்போதே குறி பார்த்து வைத்திருக்கிறார்கள்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும் அல்லவா. "ஒனக்குத்தான் கூடப் பொறந்த ஆம்பள இல்லயே" என்று அத்தை சொல்ல, சுங்கை பட்டாணி பெரியம்மா மகன் சிவநேசனைக் கேட்கலாம் என்று பேச்சு. அவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. பிள்ளை அறையில் ஏர்கோன் தண்ணீர் ஒழுகுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
குமுதா


கெலுகோர்,
15.3.2025

அன்புத் தங்கைக்கு,

காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. இளநீர் குடி, ஐஸ் தொடாதே. நான் நலம்.

படம் வந்தது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். காது அம்மா காதேதான். இக்மல் பார்த்துவிட்டு என் காதையும் பார்த்துவிட்டு "சேம் லா" என்றான்.

தோடு சின்னதாக வாங்கு. திருகு உள்ள தோடு வேண்டாம், தூக்கத்தில் குத்தும். ஆசாரியை வைத்துக் குத்துகிறீர்களா, நகைக்கடையில் துப்பாக்கி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்களே அதிலா? ஆசாரிதான் நல்லது. மண்டபத்தில் மின்விசிறி போதுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள். சிவநேசன் நல்ல மனிதர். நல்ல பெரிய மடி.

ஏர்கோன் ஒழுகினால் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கும். வெளி ஆளைக் கூப்பிடாதே. பெருநாளுக்கு இக்மல் ஊருக்குப் போகிறான், எனக்கும் வேலை குறைவு. 29ஆம் தேதி காலை நானே வருகிறேன். பயப்படாதே, கம்பெனிச் சட்டை போட்டு, ஏணியோடு வருவேன். கழுவிவிட்டுப் போய்விடுவேன். மெல்போர்னைப் பற்றி மூச்சு விட மாட்டேன்.

என்றும் உன்,
வாசு


கெலுகோர்,
30.3.2025

குமுதாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் நலமா? அறை இப்போது குளிர்கிறதா?

குழாயில் தூசியும் பாசியும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தது. ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவச் சொல். வெளியில் இருக்கும் மோட்டார் நன்றாக இருக்கிறது.

உன் மாமியார் மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். "தம்பி, ஏணி ஆடுது, பாத்து" என்று கீழே நின்று பிடித்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் யாரும் எனக்கு ஏணி பிடித்ததில்லை.

லோஷினி கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று என்னையே பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரைக் கேட்டுக் கையை நீட்டினாள். நீ அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாய். தூசி விழும் என்று நினைத்திருப்பாய். தூசி விழத்தான் செய்தது.

நீ மெலிந்திருக்கிறாய். நன்றாகச் சாப்பிடு.

வாசு


பாகான் டாலாம்,
6.4.2025

வாசுவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள்.

நீ போன மறுநாள் அத்தை பிள்ளைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்கள்.

"அந்த ஏர்கோன் தம்பி யாரு?"

"கம்பெனி ஆளு அத்தை."

"அவன் குனிஞ்சு பைப்ப தொடச்சப்ப காதப் பாத்தேன். மேல மடிஞ்சு, இவ காது மாதிரியே. தெனம் இந்தக் காதத்தானே நான் புடிச்சு நீவுறேன், எனக்குத் தெரியாதா? ஒன் காதும் அதே காதுதான். கூடப் பொறந்தவனா?"

"ஆமா அத்தை" என்றேன். அந்த நேரத்தில் வாயில் பொய் வரவில்லை.

அத்தை குரலைத் தாழ்த்தி, "உள்ள போய்ட்டு வந்தவனா?" என்றார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. ஜெயிலைச் சொல்கிறார்கள். உன் கையில் தகடு கிழித்த தழும்பு இருக்கிறதே, அதைக் கத்தி வெட்டு என்று முடிவு கட்டிவிட்டார்கள். காதில் பழைய ஓட்டை வேறு இருக்கிறது, கடுக்கன் போட்டு ரவுடியாகத் திரிந்தவன் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் பதில் சொல்லாமல் நின்றதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு எனக்குத்தான் திட்டு. "ஆம்பளப் புள்ளன்னா வயசுல நாலு தப்பு பண்ணத்தான் செய்வான். இப்ப ஒழைச்சுச் சாப்புடுறான்ல? அதுக்காக இருக்கிற அண்ணன இல்லன்னு சொல்லுவியா? உசுரோட தாய்மாமன் இருக்கும்போது எவன் மடியிலயோ எம் பேத்திய உக்கார வெப்பியா?"

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மெல்போர்ன் அக்கா அப்படியே இருக்கிறாள், கூடவே ஓர் அண்ணனும் வந்துவிட்டார். நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

குமுதா


கெலுகோர்,
10.4.2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். சிரித்துச் சிரித்து வயிறுதான் வலிக்கிறது. இக்மலிடம் சொன்னேன், அன்று முழுக்க என்னை "கேங்ஸ்டர்" என்றே கூப்பிட்டான்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். வாசுகி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவளுக்கு உன் வீட்டு வாசல் வரை வர வழியில்லை, மெல்போர்னில் இருக்க வேண்டியதாயிற்று. ஜெயிலுக்குப் போய்வந்த வாசுவுக்கு மடி தயாராக இருக்கிறது. ஆணாகப் பிறந்ததாக நினைத்துவிட்டால் போதும், எதையும் பொறுத்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். இந்தச் சலுகை எனக்கு இது வரை கிடைத்ததில்லை.

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய் அல்லவா, எழுதுகிறேன். முன்பு ஒரு கடிதத்தில் சிவநேசனுக்குப் பெரிய மடி என்று எழுதியது வயிற்றெரிச்சலில். எனக்கு லோஷினியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். காது குத்தும்போது அவள் அழ வேண்டும், நான் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தாய்மாமன் என்று நாலு பேர் முன்னால் உட்கார வேண்டும். வேறு எதையும் நான் இந்தக் குடும்பத்தில் கேட்கப் போவதில்லை.

அதனால் ஜெயில் என்றே இருக்கட்டும். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். கார் திருட்டு என்று மட்டும் சொல்லிவிடாதே, எனக்கு ரிவர்ஸ் எடுக்கவே சரியாக வராது, மாட்டிக்கொள்வேன்.

பிள்ளைக்கு என் முத்தம். உன் மாமியார் உடம்பை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
வாசு


பாகான் டாலாம்,
2.5.2025

வாசுவுக்கு,

நாங்கள் உடம்புக்கு நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நீ வேண்டாம் என்றாய். நான் சொல்லிவிட்டேன்.

அத்தை அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மருமகளின் அண்ணன் கெட்ட சகவாசத்தில் விழுந்து, தண்டனை அனுபவித்து, திருந்தி வந்திருக்கிறானாம். நாங்கள் பெரிய மனதோடு சேர்த்துக்கொள்கிறோமாம். கோயிலில் ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "ஒன் மாமியாருக்கு நல்ல மனசும்மா" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ செய்யாத குற்றத்துக்கு உன்னை மன்னிப்பார்கள், அதற்கு நான் நன்றி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா? ஏற்கெனவே ஒரு பொய்யால் உன்னை நாடு கடத்தியாயிற்று. இன்னொரு பொய்யால் ஜெயிலில் போட என்னால் முடியாது.

எண்ணெய் தடவும் நேரம் பார்த்து உட்கார்ந்தேன். "அத்தை, எனக்கு அக்கா ஒருத்தி அண்ணன் ஒருத்தர் இல்ல. ஒரே ஆளுதான்" என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சின்ன வயதிலிருந்து நீ பட்ட பாடு, அம்மா போன பிறகு நீ எடுத்த முடிவு, மருந்து, ஆபரேசன், எல்லாம் சொன்னேன். "அவர் எங்கயும் உள்ள போகல அத்தை. கெலுகோர்ல ஏர்கோன் கழுவிக்கிட்டு இருந்தாரு" என்றேன்.

"மெல்போர்னு?" என்றார்கள்.

"பொய் அத்தை."

எண்ணெய்ப் புட்டியை மூடி வைத்துவிட்டு பாசாருக்கு மீன் வாங்கப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அடுப்படிப் பேச்சு மட்டும்தான். உப்பு இருக்கிறதா, மீன் வாங்கவா. என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "என்ன யோசிக்க விடு" என்றார்களாம். நேற்று என்னிடம் வந்து சிவநேசன் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உனக்குக் கிடைத்திருந்ததை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னதற்கு வருத்தம் இல்லை.

குமுதா


கெலுகோர்,
18.5.2025

என் உயிர்த் தங்கைக்கு,

நலம், நலம், மிகவும் நலம். நீயும் பிள்ளையும் நலமா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். உன் மேல் கோபம் என்று எழுதினால் பொய், கோபம் இல்லை என்று எழுதினாலும் பொய். அதனால் எழுதவில்லை. சிவநேசன் வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்து நாளைக் கடத்தினேன்.

இன்று காலை கதவு தட்டினார்கள். திறந்தால் உன் மாமியார், பட்டுச்சேலை கட்டி, மூச்சு வாங்க நிற்கிறார்கள். பின்னால் மாப்பிள்ளை, இரண்டு கையிலும் பழத்தட்டு. ஃபெரி பிடித்து, டாக்சி பிடித்து, எங்கள் பிளாட்டில் லிப்ட் வேலை செய்யாததால் மாடி ஏறி வந்திருக்கிறார்கள். நீ கூட எனக்குச் சொல்லவில்லை. உனக்கே தெரியாது என்று மாப்பிள்ளை கண்ணைக் காட்டினார்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, "ஆம்பள வீடு இவ்ளோ சுத்தமாவா இருக்கும்?" என்றார்கள். அடுத்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

"மீச சொந்தமா வளந்ததா?"

"ஆமாம்மா."

"ரொம்ப வலிச்சுதா?"

"எதும்மா?"

"எல்லாந்தான்."

"இப்ப இல்லம்மா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"தம்பி, நான் ஒன்ன ஜெயில்னு நெனச்சேன். போனா போகுது மன்னிச்சுரலாம்னு மனசத் தேத்தி வெச்சிருந்தேன். இப்பப் பாத்தா மன்னிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அப்ப நான் என்னதான் செய்றதுன்னு எனக்கு வெளங்கல, அதான் நாளாச்சு."

குமுதா, இதைவிட நேர்மையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. நான் அழுதுவிட்டேன். ஆண்பிள்ளை அழக் கூடாது என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. தட்டை என் முன்னால் வைத்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார்கள்.

"தாய்மாமனுக்குத்தான் மொத அழைப்பு. இது முடிச்சுட்டுத்தான் மத்தவங்கள கூப்புடணும். சிவநேசன்கிட்ட நேத்துத்தான் போன் பண்ணேன், தம்பி ஒங்கள அப்பறம் மொறையா விருந்துக்குக் கூப்புடுறேன், மடிக்கு ஆளு இருக்குன்னு."

"ஊர்ல பேசுவாங்கம்மா" என்றேன்.

"பேசுறவங்க சாப்ட்டுட்டுப் பேசட்டும் லா" என்றார்கள். "வேட்டி கட்டத் தெரியுமா?"

தெரியாது என்றேன். மாப்பிள்ளை, "நான் சொல்லித் தரேன் மச்சான்" என்றார். மச்சான் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வாழைப்பழத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பேச்சுச் சத்தம் கேட்டு ரொஸ்னா துடோங்கோடு எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குப் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்றதும் ஒரு தட்டு குயே பலகாரம் கொண்டுவந்து, உன் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மகள் கல்யாணக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். அந்தக் கதைக்காக நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் தெரியுமா.

நீ சொன்னது நல்லதுக்குத்தான். நான் பயந்தவன், நீ பயப்படவில்லை.

என்றும் உன்,
வாசு


பாகான் டாலாம்,
25.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை குமுதா எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் நலம். நீ நலமாக வந்து சேர வேண்டும்.

நேற்று போன் செய்தேன். நீ "ஹலோ" என்றாய். நான் வைக்கவில்லை. ஆனால் சீர்த்தட்டு எத்தனை, வேட்டி என்ன கரை என்றே பேசி முடித்துவிட்டேன். "அண்ணே" என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. அதனால் இங்கே எழுதிப் பழகுகிறேன். அண்ணே, எட்டாம் தேதி காலையிலேயே வந்துவிடு. அண்ணே, வேட்டிக்கு உள்ளே ஒரு பெல்ட் கட்டிக்கொள். அண்ணே, பிள்ளைக்குப் புது முகம் என்றால் அழுவாள், பயப்படாதே.

பார், எழுத்தில் சுலபமாக இருக்கிறது.

உன் தங்கை,
குமுதா


கெலுகோர்,
9.6.2025

என் தங்கை குமுதாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். விரலில் மட்டும் கொஞ்சம் வீக்கம், உன் மகள் கடித்தது. அவள் காது எப்படி இருக்கிறது? வீக்கம் இருந்தால் மஞ்சளும் எண்ணெயும் போடு. தோட்டைப் பிடித்து இழுக்க விடாதே.

நேற்று பேச நேரமே இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் உன் மாமியார் என் காதருகில், "கண்ண மூடாத, நீதான் மாமன்" என்றார்கள். நான் மூடிவிட்டேன். அவர்களிடம் சொல்லிவிடாதே. லோஷினி வீறிட்டாள், விரலைக் கடித்தாள், கையோடு கையாகப் புது வேட்டியையும் நனைத்துவிட்டாள். பெல்ட் கட்டச் சொன்னதற்கு நன்றி, இல்லாவிட்டால் நானும் வேட்டியும் வேறு வேறாகப் போயிருப்போம். அந்த அமளியில் நீ, "அண்ணே, கால புடி, கால புடி" என்று மண்டபமே கேட்கக் கத்தினாய். கத்தியதை நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன்.

பின்வரிசையில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டும் பேசினார்கள். பேசட்டும். சிவநேசன் வந்து கையைக் குலுக்கி, "தப்பிச்சேன் மச்சான், எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும்" என்றார். அவரை நான் வீணாகக் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். பந்தி போட்ட நேரத்தில் நான் ஓரமாக நாற்காலியில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தை, யாரையோ தேடிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்கதானே மாமா?" என்றாள். ஆமாம் என்றேன். குழந்தையை அப்படியே என் மடியில் போட்டுவிட்டு, "கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே, சாப்ட்டு வந்துர்றேன்" என்று போய்விட்டாள்.

நிதானமாகச் சாப்பிட்டாள், குமுதா. பாயசம் இரண்டு தடவை வாங்கினாள். எனக்குக் கால் மரத்துப் போய்விட்டது, ஆனாலும் அசையவில்லை. குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. அவள் வந்து எடுத்துக்கொண்டு போனபோது பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

அவள் யார் என்று விசாரித்து, அண்ணன் நன்றி சொன்னதாகச் சொல். எதற்கு என்று கேட்டால் சும்மா சிரித்துவிடு.

பிள்ளைக்கு முத்தம்.

உன் அண்ணன்,
வாசு